ரீஹாமின் மாணவி

2022 மார்ச், எகிப்தின் தன்தா நகரம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரையாவது கற்பித்துத் தேர்வில் தேறவைத்தால்தான் பட்டம் என்று கல்லூரி அறிவித்தது.

இறுதியாண்டு படித்த நெர்மினிடம் கற்க வந்த பெண் பாதியில் நின்றுவிட்டாள். தோழி ரீஹாமின் மாணவியோ தேர்வில் முதலிடமே பிடித்துவிட்டாள். நெர்மினுக்கு வயிறு எரிந்தது.

"உனக்கு மட்டும் எங்கேர்ந்துடி இப்படி ஆள் கிடைக்குது?"

"நீ எரிஞ்சு விழுந்து விரட்டிட்டு என்னைக் கேக்குறியா?"

சான்றிதழ் வாங்க அந்த மாணவி மேடையேறினாள். அவள் நெர்மினின் அம்மா.

"அம்மா! எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே! 'இந்த வயசுல உன் மண்டையில ஏறாது, போய் முலூகியாக் கீரையை நறுக்கு'ன்னியேடி."

ஒருமுறை தேறியவரை மறுபடி கணக்கில் சேர்க்க விதியில்லை. நெர்மினுக்கு அந்த ஆண்டு பட்டம் கிடைக்கவில்லை.