முந்நூற்று அறுபத்தைந்தில் ஒன்று

கணிதத்தில் முதுகலை முடித்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பிரீமியம் கணக்கிடும் வேலைக்கு வந்த அவளுக்கு, அந்த ஊரில் பேச ஆளில்லை. பிறந்தநாளன்றும் கேன்டீனில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பிரிவு மேலாளர் ஒரு கேக்குடன் எதிரில் வந்து அமர்ந்தார்.

"இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள். தனியா வெட்டவா? நீயும் வாம்மா!"

"மேடம், எனக்கும் இன்னிக்குத்தான்!" அவள் கண்கள் கலங்கின. "இதுக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சுல ஒரு வாய்ப்புதான் மேடம்!"

"கணக்குல வராததைக் கடவுள் போடுவாரும்மா. வெட்டு!"

அவள் சிரித்தபடி இருக்கைக்குப் போனதும், மேலாளர் கணவருக்குப் போன் செய்தார்.

"ஏங்க, அந்தப் பொண்ணு காலையில அவங்க அம்மாகிட்ட பேசினது காதுல விழுந்துச்சு. இனிமே என் பிறந்தநாள் மார்ச்சுல இல்ல, இன்னிக்குத்தான். யாராச்சும் கேட்டா உளறிக்கொட்டிடாதீங்க!"