மாலை ரயிலுக்கு முன்னால்

"டீச்சர், இந்தப் பாறைய நாம ஏற்கெனவே பாத்தாச்சு."

"பாறைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், பியோ சார். பேசாம நடங்க."

பியோவுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. விடைத்தாள் திருத்தும் முகாமின் தலைமை அதிகாரி மாலை ரயிலில் சியோலுக்குக் கிளம்புகிறார். அதற்குள் அவர் முகத்துக்கு நேராக அதை நீட்டிவிட வேண்டும்.

"இவருக்குத் திருத்தத் தெரியாது. மார்க்கை வாரி இறைக்கிறார்" என்று முந்தின நாள் அத்தனை ஆசிரியர்களுக்கு முன்னால் சொல்லி, பியோ திருத்திய விடைத்தாள் கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுத்திருந்தார் அவர்.

பக்கத்து மேசையில் உட்கார்ந்து திருத்துகிறவர் ஒக்சுன் டீச்சர். வேறு ஊர்ப் பள்ளிக்கூடம், முகாமில்தான் அறிமுகம். "ஞாயித்துக்கிழமை லீவுதானே, மலைப்பக்கம் காலாற நடந்துட்டு வரலாம். அப்புறம் குடுங்க உங்க கடிதத்த" என்று அவர்தான் இழுத்து வந்தார். முகாமில் செல்போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது மேகம் வேறு இறங்கி, பைன் மரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இடது பக்கம்" என்றார் டீச்சர். "காத்து அங்கேருந்துதான் வருது."

"காத்துக்கும் வழிக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. எங்கயோ படிச்சேன்."

இடது பாதை ஓடையில் போய் முடிந்தது. டீச்சர் கல் கல்லாகத் தாவி அக்கரை சேர்ந்துவிட்டார். அவசரத்தில் பின்னால் தாவிய பியோ, மூன்றாவது கல்லில் வழுக்கி, கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் போனான். கரையேறிப் பையைத் துழாவினால், கடிதம் ஊறிய சோறு மாதிரி விரலில் ஒட்டியது.

"போச்சு."

"வேற எழுதிக்கிட்டாப் போச்சு. முகாம்ல பேனாவா இல்ல?"

"எல்லாம் சிவப்புப் பேனா."

"சிவப்புல எழுதாதீங்க. யாரோ திருத்தினதுன்னு நெனச்சு ஓரத்துல கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்துடுவாரு."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தும் பியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரத்தில் அடிவாரத்திலிருந்து ரயிலின் ஊதல் கேட்டது. நீளமாக ஒலித்து, மெல்லத் தேய்ந்தது.

அவன் அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டான். டீச்சர் கடற்பாசியில் சுருட்டிய சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

"வீட்ல யார் யாரு?"

"மனைவி. ஒரு பொண்ணு, இன்னும் குப்புறக்கூட விழல." கொஞ்ச நேரம் மென்றான். "பரீட்சையில மூணு தடவ தோத்து, நாலாவது தடவதான் டீச்சர் வேலைக்குத் தேறினேன். முடிவு வந்தன்னிக்கு எங்கப்பா கடைய மூடிட்டுத் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தாரு."

டீச்சர் இன்னொரு சோற்றுச் சுருளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் கட்ட மறுபடியும் பாக்கறேன்" என்றான் பியோ, ஓடையைப் பார்த்தபடி. "சிலதுல கொஞ்சம் தாராளமாத்தான் போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு இறங்குவதற்கு எப்படியோ ஒரு பாதை கிடைத்தது. மலையடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அடுப்பருகே உட்கார்ந்து பியோ காலுறையைப் பிழிந்துகொண்டிருக்க, கடைக்கார அம்மாள் உருளைக்கிழங்கு அடையைக் கொண்டுவந்து வைத்து, இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன கோலம் இது? ஓடையில விழுந்தீங்களா?"

"வழி தெரியாம மத்தியானத்துலேருந்து சுத்தினோம்மா" என்றான் பியோ. "டீச்சர நம்பிப் போனேன். அவங்க மலையையே இன்னிக்குத்தான் பாக்கறாங்க போலிருக்கு."

"யாரு, நம்ம ஒக்சுனா?" அம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "இவ இந்த ஊர்ல இருந்தப்ப, மலையில யாராவது காணாமப் போனா, மீட்புக் குழுக்காரங்க வழி கேட்டு முதல்ல வந்து தட்டினதே இவ வீட்டுக் கதவத்தானே."

ஒக்சுன் டீச்சர் தலை நிமிராமல், அடையில் பெரிய துண்டாகப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார்.