எந்தத் தூண், தம்பி?

கண்டக்டரம்மா ஓய்வு பெற்றாரே தவிர, அவர் வாய் ஓய்வு பெறவில்லை. அவர் அதட்டினால் பஸ் என்ன, சிக்னலே நிற்கும்.

அவரிடம்தான், புதிதாய்ச் சேர்ந்த புகைப்பட வகுப்பின் மாஸ்டர் சொன்னார். "அந்தப் பழைய கட்டடத்தை ராத்திரியில எடுக்க உங்களால ஆகாதும்மா. தூணெல்லாம் கும்மிருட்டு."

"எடுத்துக் காட்டுறேன்!"

கணவர் கேமரா முக்காலியைச் சுமக்க, கிளம்பிவிட்டார். கேமராவைப் பொருத்தி நிமிர்வதற்குள் டார்ச்சோடு பாய்ந்து வந்தார் காவலாளி.

"போட்டோ எடுக்கக் கூடாது! போர்டு தெரியல?"

"எங்கே தம்பி?"

"இந்தத் தூண்ல!"

"கண்ணு தெரியலையே. எந்தத் தூணு?"

"இது! அதோ அதுலயும் இருக்கு! வாசல் மேலயும் இருக்கு!" காவலாளி ஓடி ஓடி எல்லாவற்றிலும் வெளிச்சம் அடித்தார்.

முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார் கண்டக்டரம்மா. "மன்னிச்சிடு தம்பி."

கணவருக்கு மயக்கமே வந்தது. கல்யாணமான நாளாய் அந்த வாயில் அந்த வார்த்தை வந்ததேயில்லை.

"இப்படித் தோத்துட்டு வர்றியே!" என்றார் வீட்டில்.

கேமரா திரையை நீட்டினார் மனைவி. அந்தக் கட்டடம்! தூணுக்குத் தூண் பொன்னாய் ஜொலித்தது.

"எப்ப எடுத்தே? காவலாளியைக் காணோமே?"

"இருட்டுல எடுக்க ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். ஓடுற ஆளு பதியமாட்டார். அவர் அடிச்ச வெளிச்சம் பதியும். முந்தானைக்குள்ள இருந்த ரிமோட் சுவிட்ச்சை அழுத்தி, அவர் ஓடும்போது ஷட்டரைத் திறந்து, ஓடி முடிச்சதும் மூடின பிறகுதானே மன்னிப்பு கேட்டேன்!"

கணவர் நடுத்தூணைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது:

'இங்கே படம் எடுக்காதீர்.'