எதிர் பால்கனி வழக்கு

ஊரடங்கின் மூன்றாவது வாரமா நான்காவதா என்பது சரியாக நினைவில்லை. எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்த காலம் அது. குடும்ப நீதிமன்றத்தில் முப்பது வருடம் வழக்குக்காரர்களின் பேர் கூப்பிட்டு ஓய்வுபெற்ற பெரியவர், கூப்பிட ஒரு பேர்கூட இல்லாமல் வீட்டில் தனியாகப் படுத்துக் கிடந்தார். சவரம் செய்து ஒரு வாரம். அடுப்பு மூட்டி இரண்டு நாள்.

அப்போதுதான் எதிர் பால்கனியில் சண்டை வெடித்தது.

"ஈரத் துண்டைக் கட்டில்லயா போடுவீங்க? இனிமே உங்களோட என்னால வாழ முடியாது!"

ஒரு குடும்பம் உடையப்போகிறதே என்று பெரியவர் பதறி எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தன் பால்கனிக்கு வந்து, தொண்டை வறள ஒரு மணி நேரம் பேசி இருவரையும் சேர்த்துவைத்தார். பசித்தது. சமைத்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் குறட்டை வழக்கு. அதற்கடுத்த நாள் பற்பசை மூடி. பெரியவர் இப்போதெல்லாம் சவரம் செய்து, வயிறாரச் சாப்பிட்டு, நாலே முக்காலுக்கே பால்கனியில் நாற்காலி போட்டுவிடுவார்.

பத்தாம் நாள் மறுபடியும் ஈரத் துண்டு.

"இது முதல் நாளே தீர்ந்த கேஸாச்சேம்மா?"

மனைவி திருதிருவென விழித்தாள். கணவன் தலையைச் சொறிந்தான்.

"மன்னிச்சிடுங்க சார். வேற எதுவும் தோணல. அப்பா சாப்பிடாமக் கிடக்கறார், எதையாவது பண்ணி எழுப்புங்கன்னு உங்க பொண்ணு போன்ல அழுதாங்க. நாங்க ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட சண்டை போட்டதில்ல சார்."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு மாமியார் விஷயத்தை எடுங்க. ரெண்டு வாரம் தாங்கும்."

ஊரடங்கு முடிந்தது. பெரியவர் நலம். நடிக்கப்போன தம்பதிக்குத்தான் மாமியார் விஷயம் இன்னும் தீர்ந்தபாடில்லை.