ஏழு பேர் நிற்கும் படம்

வேன் நின்றதும் ஹொரேஸ், ருக்மிணியின் கையை விடாமலே, மறுபடியும் மணி கேட்டார்.

மூன்றேகால் என்றாள் ருக்மிணி. பொழுது எப்போது சாயும் என்றார். ஐந்தரை ஆகும் என்றாள்.

ஹூஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் ருக்மிணி பிசியோதெரபிஸ்ட். தொண்ணூற்றொரு வயது ஹொரேஸை இரண்டு வருடமாக வாக்கர் பிடித்து நடக்கவைத்துக்கொண்டிருப்பவள். அவரைக் கூட்டிவர வேறு ஆளில்லை. அதனால்தான் 1998 நவம்பரின் இந்தச் சனிக்கிழமை கணவன் வாஞ்சிநாதனோடு மூன்று மணி நேரம் பயணம் செய்து இந்தச் சிற்றூருக்கு வந்திருந்தாள்.

"இருட்டுறதுக்குள்ள ஊர தாண்டிடணும்னு மூணாவது தடவ சொல்றாருங்க. டின்னருக்கெல்லாம் நிக்க வேணாம்."

வயசானவர்தானே, இருட்டில் ஹைவேயில் போகப் பயமாக இருக்கும் என்றான் வாஞ்சிநாதன்.

பயப்படுகிற ஆளாக அவள் அவரைப் பார்த்ததில்லை. பழைய பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஐம்பது வருடம் ஜாஸ் வாசித்தவர். டெக்சஸ், கான்சாஸ், சிகாகோ, கப்பலேறி பாரிஸ். பல் விழுந்த பிறகுதான் ட்ரம்பெட்டைக் கீழே வைத்தார்.

ஊரின் சிறிய மியூசியத்தில் ஹொரேஸைக் கௌரவிக்க முப்பது பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள்.

சுவரில் பெரிதாக்கி மாட்டிய கறுப்பு வெள்ளைப் படம். 1926. கோர்ட் கட்டடத்தின் முன்னால் ஏழு கறுப்பு இளைஞர்கள் வாத்தியங்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரையே ஆடவைத்த பேண்ட், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்றாள் மியூசியத்துப் பெண். இவர்களில் உயிரோடு இருப்பவர் ஹொரேஸ் மட்டும்தான் என்றதும் கூட்டம் கை தட்டியது.

படத்தின் கீழே எல்லோர் பெயரையும் எழுதித் தரும்படி அவரிடம் பேனாவைக் கொடுத்தாள்.

ஹொரேஸ் நிதானமாக எழுதினார். எட்டுப் பெயர்கள்.

படத்தில் ஏழு பேர்தானே என்று அவள் தயக்கத்தோடு கேட்டாள்.

எட்டாவது தன் தம்பி லூதர் என்றார் ஹொரேஸ். டிரம்ஸ் வாசித்தவன், பதினேழு வயது. இருட்டிய பின் கறுப்பர் யாரும் இந்த ஊரில் இருக்கக் கூடாது என்று அப்போது விதி, கச்சேரி முடிய இருட்டிவிட்டது. இந்தப் படம் மறுநாள் காலையில் எடுத்தது. எடுக்க வைத்தவர் ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரிஃப். வந்தவர்கள் நல்லபடியாகத்தான் ஊரை விட்டுப் போனார்கள் என்று காட்ட அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. சிரிக்கச் சொன்னார். ஏழு பேரும் சிரித்தோம்.



வரும் வழியெல்லாம் தன் கையை அவர் ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார் என்று ருக்மிணிக்குப் புரிந்தது. பிறகு ஏன்தான் வர ஒத்துக்கொண்டார்?

ஹொரேஸ் ருக்மிணியின் கையைப் பற்றிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன எங்க புதைச்சாங்கன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

மியூசியத்துப் பெண் தரையைப் பார்த்தாள். நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. கடைசி வரிசையிலிருந்து, ஹொரேஸின் வயதே இருக்கும், ஒரு கிழவர் எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

ஹொரேஸ் ருக்மிணியின் கையை விட்டார்.

வாக்கரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அந்தக் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.