இருபத்தேழாம் கேஸ்

குடியிலிருந்து மீண்டு வருகிறவனுக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் கேஸ் மேனேஜர்தான்.

மறுவாழ்வு நிலையத்தின் வாசலில் இந்த வாசகத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நேர் கீழே செருப்பு ஸ்டாண்ட்.

காலை பத்து மணிக்கு மாடியில் மீட்டிங். டைரக்டர், டாக்டர், கவுன்சலர், கேஸ் மேனேஜர் அம்மா. ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தது.

"இருபத்தேழு வந்தாச்சாம்மா?" என்றார் டைரக்டர்.

ரகசியம் காக்க வேண்டும் என்பதால் அங்கே யாரையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை; கேஸ் நம்பர்தான். நாளடைவில் பெயரே மறந்துபோவது அந்த ரகசியத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு.

கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வாங்கண்ணே, நாலு டீ," என்றார் கேஸ் மேனேஜர் அம்மா.

"மேடம், நான்..."

"டாக்டருக்கு மட்டும் சர்க்கரை வேண்டாம்."

அவர் சமையலறைக்கு இறங்கிப் போனார்.

நிலையத்தில் டீ கொடுப்பதும் சிகிச்சைதான். உள்ளே தங்கியிருப்பவர்கள் முறைவைத்து ஊழியர்களுக்கு டீ கொண்டுவர வேண்டும். பொறுப்புணர்வுப் பயிற்சி என்று பெயர். பயிற்சியின் முதல் விதி, எதிர்த்துப் பேசக்கூடாது. டீ வாங்குகிறவர்களுக்கு விதி எதுவும் கிடையாது; அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

முதல் சுற்று வந்தது. தட்டு வெளியே போனதும் பேச்சு தொடங்கியது.

இருபத்தேழு, ஒருநாள் போதையில் மகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே மறந்துவிட்டு வந்தவர். மனைவி அன்றே மகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே சிகிச்சை முடித்து வீடு திரும்பிய பிறகும் அவர் ஒழுங்காக நிலையத்துக்கு வந்து போகிறார் என்று கேஸ் மேனேஜர் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்கலாம் என்பது கோர்ட் உத்தரவு. இன்று வந்தால் சொல்லலாம். வராவிட்டால் மகள் இல்லை.

"என் கூடப் பொறந்த அண்ணன் மாதிரி சார் அவரு," என்றார் கேஸ் மேனேஜர் அம்மா.

அண்ணனை அவர் நேரில் பார்த்ததில்லை. முன்பிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது கைமாறி வந்த கேஸ். தினமும் காலையில் அம்மா எல்லாக் கேஸ்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூப் படத்தை அனுப்புவார். இருபத்தேழு மட்டும் தவறாமல் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பும். நேரில் பார்க்கலாம்தான். மீட்டிங்குகள் விட்டால்தானே.

"மகளைப் பாக்கணும்னு இருந்தா மனுஷன் ஓடி வந்திருக்க மாட்டானா?" என்றார் கவுன்சலர். "மனசுல ஒண்ணும் இல்ல சார்."

"திரும்ப ஆரம்பிச்சிருப்பான்," என்ற டாக்டர் ஒரு வாய் உறிஞ்சினார். "டீ இன்னிக்குப் பிரமாதமா இருக்கே. யாரு போட்டது?"

யாருக்கும் தெரியவில்லை. கவுன்சலர் கதவுப் பக்கம் திரும்பி இன்னொரு சுற்றுக்குக் குரல் கொடுத்தார்.

மணி பதினொன்றரை ஆனது. கேஸ் மேனேஜர் அம்மாவின் கண் கலங்கியது. "எவ்வளவு பாடுபட்டேன் சார் இவருக்காக."

"நம்ம மேல தப்பு வந்துடக்கூடாதும்மா," என்றார் டைரக்டர். "கடைசியா ஒரு போன் போட்டுப் பாத்துடுங்க."

கேஸ் மேனேஜர் அம்மா எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை மேசை நடுவே வைத்தார். நால்வரும் அதன் மேல் குனிந்தார்கள். ரிங் போய்க்கொண்டே இருந்து, நின்றது.

"எடுக்கல சார்."

"நான்தான் சொன்னேனே," என்றார் டாக்டர்.

"வரலைன்னே சொல்லிடறேன் சார்." கேஸ் மேனேஜர் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டாவது டீக்காகக் கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

கதவருகே நின்றவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். செல்போனைச் சத்தமில்லாமல் வைக்கும்படி வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். சட்டைப் பைக்குள் அது வெகுநேரம் அதிர்ந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்ததால் அவரால் அதை எடுக்க முடியவில்லை.