கொடிக்கயிற்றில் ஒரு முடிச்சு

செம்பூரில், சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் வராந்தாவில் சேசம்மாள் கட்டும் கொடிக்கயிறு தொய்ந்துவிடும். அவள் உள்ளே போய்விட்டு வருவதற்குள் யாரோ அதை இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழைக்காலக் காற்றிலும் அந்த முடிச்சு நெகிழாது. அக்கம்பக்கத்தில் கேட்டாள். யாரும் கட்டவில்லை. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

1964 மே மாதம், ஞாயிறு பூசை முடிந்து சிலுவை வந்தான். அவள் கணவர் தஸ்நேவிஸோடு யுத்தக் கப்பலில் இருந்தவன். பதினாறு வயதில் கடற்படையில் சேர்ந்த தஸ்நேவிஸ், உலக யுத்தத்தில் அந்தக் கப்பல் மூழ்கியபோது திரும்பவில்லை.

காப்பி டம்ளரோடு வராந்தாவுக்கு வந்த சிலுவை முடிச்சைத் தொட்டுப் பார்த்தான்.

“மதினி, இத யாரு கட்டுனது?”

“தெரியல தம்பி. அதுவா இறுகிக் கெடக்கும்.”

“இது அண்ணன் போடுற முடிச்சுல்லா. காலொடிஞ்ச என்னை மிதவையில இப்படித்தான் கட்டுனாரு. கயிறு அறுக்கும்னு தன் சட்டையக் கிழிச்சு உள்ள மடிச்சு வச்சாரு. பொறவு மத்தவங்களத் தூக்கியாரக் கப்பலுக்குள்ள எறங்குனவருதான்.”

அவன் போனதும் சேசம்மாள் துணிகளை எடுத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். வெகு நேரம் பிடித்தது. கயிற்றின் நுனியைத் தன் மணிக்கட்டில் லேசாகச் சுற்றிக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெயிலில் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது அவள் கை தூணோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தது. கொஞ்சமும் வலிக்கவில்லை. கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே யாரோ மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணி, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.